குரோட்டன்ஸ் இலை என்ன சொல்கிறது? கடலோர வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பூவுக்காக இல்லாமல் இலையின் நிறத்துக்காகவே வளர்க்கிற செடிகளில் நம் வீடுகளில் முதலிடம் குரோட்டன்ஸுக்குத்தான். அதற்குப் பிறகு அக்லோனிமா, கலாடியம், கோலியஸ், டிரசீனா, கார்டிலைன், கலாத்தியா, செம்பு நிற இலை விடும் அகாலிஃபா. பூச்செடி பூக்காவிட்டால் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். இந்தச் செடிகளில் இலை கெட்டுவிட்டால் பார்ப்பதற்கு வேறு ஒன்றுமே இல்லை.

நான் இருப்பது கடலூர் புதுப்பாளையம் பக்கம். தங்கை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். இரண்டு வீட்டு மாடியையும் சேர்த்தால் அறுபது தொட்டி தேறும். பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறோம், ஏராளமாகக் கொன்றும் இருக்கிறோம். செத்த செடிகளின் கணக்கை எடுத்தால் பூச்சியாலும் நோயாலும் போனவை கால்வாசிகூட இல்லை. மற்றதெல்லாம் தண்ணீரால், இடம் மாற்றியதால், அப்புறம் எங்கள் அவசரத்தால்.

அதனால் மருந்துக் கடைக்குப் போகும் முன் செடிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கெட்டிருப்பது கீழே உள்ள பழைய இலையா, மேலே உள்ள புது இலையா? அந்த இலையிலும் எந்த இடம்: நுனியா, ஓரமா, நடுவா, நரம்புகளுக்கு இடையிலா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். மீதியைக் கீழே சொல்கிறேன்.

வாங்கி வந்த வாரமே இலை கொட்டுகிறது

நர்சரியில் பளபளவென்று நின்ற குரோட்டன்ஸ், வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கீழிருந்து ஒவ்வொரு இலையாகக் கழற்றிப் போடும். தொட்டாலே விழும். கொம்பு மொட்டையாகிவிடும்.

இது நோய் இல்லை. குரோட்டன்ஸுக்கு இடம் மாறுவது பிடிக்காது. நிழல் வலைக்கடியில், ஈரக் காற்றில், பக்கத்துச் செடிகளோடு நெருக்கியடித்து நின்றது, திடீரென்று உங்கள் மொட்டை மாடி வெயிலுக்கோ வீட்டுக்குள் இருக்கும் ஏசி அறைக்கோ வந்தால் முதலில் இலையைத்தான் உதிர்க்கும். கொம்பை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. ஓர் இடத்தில் வையுங்கள், அங்கேயே விடுங்கள். காலை வெயில் மட்டும் படும் இடமாக இருந்தால் நல்லது. மூன்று நாலு வாரத்தில் நுனியில் துளிர் வரும். அதுவரை உரம் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். இலை கொட்டுகிறதே என்று பதறித் தண்ணீரை ஊற்றினால்தான் உண்மையிலேயே சாகும். இலை குறைந்த செடி குடிக்கும் தண்ணீரும் குறைவு.

ஒரு மாதம் கழித்தும் துளிரே இல்லையென்றால் வேரைப் பார்க்க வேண்டும். நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் பல ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருபவை. பிளாஸ்டிக் பையைக் கிழித்தால் உள்ளே மண் இருக்காது, கறுப்புக் களிமண் உருண்டை இருக்கும். வெகுதூரப் பயணத்தில் வேர் குலையாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். தொட்டியில் வைத்த பிறகுதான் வம்பு. சுற்றிலும் நீங்கள் போட்ட மண் பொலபொலவென்று இருக்கும், நடுவில் இந்த உருண்டை காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு. ஊற்றும் தண்ணீர் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும். மேல் மண் ஈரமாகவே இருக்கும், உள்ளே வேர் தாகத்தில் காயும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊதுபத்திக் குச்சியைச் செருகுங்கள். இறங்காமல் முட்டினால் உருண்டைதான். செடியை எடுத்து, உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெளிப்பக்கம் கரைவதை விரலால் மெல்ல வழித்துவிடுங்கள். மொத்தத்தையும் கழுவி வேரை அம்மணமாக்க வேண்டாம். வெளிப்புறத்தில் பாதி போனால் போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நடுங்கள். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்கினால் அதிலிருக்கும் மாவு போன்ற தூளை அலசிவிட்டுப் போடுங்கள். அலசாமல் போட்டால் அது சிமென்ட் வேலையையே பார்க்கும்.

மணல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எதிர் வீட்டுப் பெரியம்மா, "காசு கொடுத்து மணல் வாங்குவானேன், தேவனாம்பட்டினம் போனா அள்ளிக்கிட்டு வரலாமே" என்று ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து எனக்கும் பாதி கொடுத்தார். அந்தக் கதை உப்பைப் பற்றிப் பேசும்போது வரும்.

நிறம் போய்ப் பச்சையாகிவிட்டது

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். குரோட்டன்ஸில் பெரும்பாலான ரகங்கள் துளிர்விடும்போது பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். ஆரஞ்சும் சிவப்பும் இலை முதிர முதிரத்தான் ஏறும். மேலே நாலு இலை பச்சை, கீழே சிவப்பு என்றால் செடி சரியாகத்தான் இருக்கிறது. கார்டிலைன் இதற்குத் தலைகீழ். துளிர்தான் ரோஜா நிறத்தில் வரும், முதிர்ந்தால் மங்கும்.

குரோட்டன்ஸில் முதிர்ந்த இலையும் பச்சையாகவே நின்றுவிட்டால் காரணம் வெளிச்சக் குறைவு. இலைக்குச் சோறு பச்சையத்தில்தான் வேகிறது. வெளிச்சம் போதாத இடத்தில் இருக்கும் வெளிச்சத்தையாவது பிடிக்கச் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். சிவப்பைத் தரும் ஆந்தோசயனினுக்கு வெயில் வேண்டும். குரோட்டன்ஸ், அகாலிஃபா இரண்டுக்கும் நாலைந்து மணி நேர நேரடி வெயில் கிடைத்தால்தான் நிறம் நிற்கும். கூடத்தின் மூலையில் வைத்துவிட்டு நிறத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எல்லாச் செடிக்கும் இதே அளவு என்று எண்ணி வெயிலில் தள்ளிவிடாதீர்கள். அக்லோனிமாவுக்கும் கலாடியத்துக்கும் வேண்டியது வெளிச்சம், நேர் வெயில் அல்ல. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பெரிய மரம் ஏதாவது ஒன்றின் கீழ் நில்லுங்கள். தரையில் வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த அளவு வெளிச்சம்தான் இவற்றுக்கு. மாடியில் 50 சதவீத நிழல் வலை கட்டினால் ஏறக்குறைய அது கிடைக்கும்.

வெயில் போதுமான அளவு படுகிறது, ஆனாலும் பச்சை என்றால் உரத்தைச் சந்தேகப்படுங்கள். யூரியா, மாட்டுக் கோமியம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு எல்லாமே தழைச்சத்து. அது கூடினால் இலை பெரிதாகும், கொழுகொழுவென்று வளரும், நிறம் மட்டும் பச்சைக்குப் போகும். கீரைக்குக் கொடுக்கும் கவனிப்பைக் குரோட்டன்ஸுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாக, மற்ற கிளைகளைவிட வேகமாக வளரும். மஞ்சள் வரி விழுந்த டிரசீனா, கோலியஸ் போன்றவற்றில் இதை அடிக்கடி பார்க்கலாம். அந்தக் கிளை தன் பழைய பச்சை வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. விட்டுவைத்தால் அதுவே செடியை ஆக்கிரமிக்கும். முளைத்த கணுவோடு வெட்டிவிடுங்கள்.

நுனியும் ஓரமும் காய்ந்து கருகுகிறது

என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். கீழ் இலைகளில் தொடங்கும். நுனி பழுப்பாகி அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆகும். அப்படியே இரண்டு ஓரமாகவும் கீழே இறங்கும். காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஓடும். டிரசீனா, அக்லோனிமா, கலாத்தியா மூன்றும் முதலில் காட்டிக்கொடுக்கும். குரோட்டன்ஸ் கொஞ்சம் தாங்கும்.

காரணம் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கடலூரிலிருந்து காலாப்பட்டு வரை கடலை ஒட்டிய தெருக்களில் பல போர்வெல்களில் கோடை முற்ற முற்றத் தண்ணீர் கரிக்கும். நமக்கு வருட மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். அது முடிந்து நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு ஏறும். தொட்டியில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. ஊற்றிய தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும், உப்பை இரண்டுமே குடிக்காது. ரசம் கொதித்துச் சுண்டினால் கரிக்கிற மாதிரி, தொட்டி மண்ணில் உப்பு நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே போகும். அளவாக, தட்டில் வடியாதபடி சிக்கனமாகத் தண்ணீர் விடுபவர்களின் செடிக்குத்தான் இது சீக்கிரம் வரும்.

மண் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, மேல் மண்ணில் பொரிப் பொரியாக வெள்ளைப் படலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறேன். கரித்தது. உரம் போட்ட தொட்டியில் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று எண்ணில் காட்டும். 500க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1000ஐத் தாண்டினால் மென்மையான செடிகள் முகம் சுளிக்கத் தொடங்கும். மீட்டர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். தொட்டிக்குத் தண்ணீர் விட்டு அடியில் வடிவதைப் பிடித்து அளந்து பாருங்கள். உள்ளே ஊற்றியதைவிட வெளியே வருவது பல மடங்கு காட்டினால் மண்ணில் உப்புச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் மண்ணைக் கழுவ வேண்டும். தொட்டியைத் தட்டிலிருந்து எடுத்து, தண்ணீர் வடியும் இடத்தில் வையுங்கள். தொட்டி கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக, கால் மணி நேரம் இடைவெளி விட்டு விட்டு ஊற்றுங்கள். மழைத் தண்ணீராக இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் போர் தண்ணீரேகூடப் பரவாயில்லை. மண்ணில் சுண்டி நிற்கும் உப்பைவிட அதில் உப்புக் குறைவுதானே. கோடையில் மாதம் ஒருமுறை இப்படிக் கழுவுங்கள். அதற்கு முன் மேலே பூத்திருக்கும் வெள்ளைப் படலத்தை அரை அங்குலம் மண்ணோடு வழித்து எறிந்துவிடுங்கள்.

வடிந்த தண்ணீர் தட்டில் தேங்கினால் கொட்டிவிடுங்கள். கழுவி வெளியேற்றிய உப்பைச் செடி மறுபடியும் உறிஞ்சுவதற்குத்தான் அந்தத் தட்டு உதவும்.

ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தங்கை வீட்டில் இரண்டு வருடம் அக்லோனிமா ஒவ்வொன்றாகக் கருகிப் போனதற்குக் காரணம் சமையலறை மூலையில் நிறைந்துகொண்டிருந்த அந்த வாளிதான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருடமே ஆனது.

தேங்காய் நார்க்கழிவும் கவனிக்க வேண்டியது. கழுவாத நார்க்கட்டியில் உப்பு நிறைய இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இப்போது பெரியம்மாவின் மணல். கடற்கரை மணலில் நட்ட என் ஆறு கோலியஸும் பத்து நாளில் ஓரம் சுருண்டு போய்ச் சேர்ந்தன. அவர் வீட்டு மருதாணி மட்டும் பிழைத்துக்கொண்டது. "உனக்குக் கைராசி இல்லடி" என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

நிரந்தரத் தீர்வு மழை நீர்தான். 100 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐப்பசியில் இரண்டு டிரம் நிரப்பி, கொசு புகாதபடி வலை கட்டி மூடிவையுங்கள். எல்லாச் செடிக்கும் அது காணாது. கலாத்தியா, அக்லோனிமா, டிரசீனாவுக்கு மட்டும் அதைக் கொடுத்து, குரோட்டன்ஸுக்கும் அகாலிஃபாவுக்கும் போர் தண்ணீர் விட்டால் பங்குனி வரை ஓட்டலாம்.

டிரசீனாவுக்கும் கார்டிலைனுக்கும் இன்னொரு எதிரி ஃப்ளூரைடு. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் அது இருக்கிறது. இந்த இரண்டு செடிகளுக்கும் அந்த உரம் வேண்டாம்.

ஆனி, ஆடியில் மட்டும் கலாத்தியாவின் ஓரம் காய்கிறது, மண்ணில் வெள்ளை இல்லை, மற்ற செடிகள் நன்றாக இருக்கின்றன என்றால் அது உப்பு இல்லை, மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. சுவர் மறைவுக்கு நகர்த்தி, மற்ற தொட்டிகளோடு நெருக்கி வையுங்கள்.

கருகிய பகுதி மறுபடி பச்சையாகாது. கண்ணுக்கு உறுத்தினால் இலையின் வடிவத்திலேயே கத்தரித்துவிடுங்கள். பச்சையில் கத்திரி படாமல் பழுப்பில் ஒரு நூலளவு விட்டு வெட்டுவது நல்லது.

இலை நடுவில் வெளுத்த திட்டு

வெயில் சுட்ட காயம். வெயிலைப் பார்த்த பக்கம் இருக்கும் இலைகளில் மட்டும், வெள்ளையோ இளம்பழுப்போ ஆன திட்டுகள், காகிதம் மாதிரி. கத்தரி வெயிலில் ஒரே மத்தியானத்தில் வரும். அக்லோனிமாவையும் கலாடியத்தையும் உடனே நிழலுக்கு மாற்றுங்கள். குரோட்டன்ஸுக்கு வந்தால் அது வெயிலுக்குப் பழகாத செடி என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள்.

இலை மஞ்சளாகிறது

கீழே ஒன்றிரண்டு இலை மஞ்சளாகி விழுந்தால் அது மூப்பு, விடுங்கள். கீழ் இலைகள் பலவும் சேர்ந்து முழுசாக மஞ்சளாகின்றன, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் தண்ணீர் அதிகம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர்.

மேலே துளிரில் நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் வெளிர் மஞ்சள் என்றால் இரும்புச் சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று அவசரப்படாதீர்கள். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண் காரமாகி, இருக்கும் இரும்பு வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். இரும்பு சீலேட் என்று உரக்கடையில் கேட்டு வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் மண்ணில் ஊற்றுங்கள். கூடவே மக்கிய உரத்தையும் கூட்டுங்கள். இதே மஞ்சள் பழைய இலைகளில் நரம்புகளுக்கு இடையில் வந்தால் குறைவது மக்னீசியம். எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டரில் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றினால் சரியாகும். முன் பகுதியில் சொன்ன உப்புத் தொல்லை உள்ள தொட்டியாக இருந்தால், முதலில் மண்ணைக் கழுவிவிட்டு அப்புறம் கொடுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி துவண்டு நிற்கிறது

வேர் அழுகல். ஐப்பசி, கார்த்திகை வியாதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தங்கை வீட்டு மாடியில் வடிகுழாய் அடைத்து, தொட்டிகள் இரண்டு நாள் தண்ணீரில் நின்றன. மூன்றாம் வாரம் ஒவ்வொன்றாகத் துவண்டன. அவள் வெயில் அடிக்கிறதே என்று தண்ணீர் விட்டிருக்கிறாள்.

செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல் தோல் சொத்தென்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் தொங்கும். சாக்கடை வாடை அடிக்கும். அப்படிப்பட்டதையெல்லாம் சுத்தமான கத்திரியால் வெட்டிவிட்டு, இலையிலும் பாதியைக் குறையுங்கள். பழைய மண்ணை எறிந்துவிட்டுப் புது மண்ணில், வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில் நடுங்கள். மண் கலக்கும்போது ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்தால் நல்லது. முழு வேரும் போய்விட்டதா? நுனிக்கொம்பு உறுதியாக இருந்தால் அதை வெட்டிப் பதியம் போட்டுச் செடியின் வாரிசையாவது காப்பாற்றலாம்.

மழைக்கு முன்பே தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி வைத்து, அடித்துளையில் கம்பி விட்டு அடைப்பை எடுத்துவிட்டால் இதில் பாதி வேலை மிச்சம்.

புயலுக்கு மறுநாள் இலையெல்லாம் பழுப்பு

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது எங்கள் தெருவில் நின்ற மரங்களில்கூட இலைகள் தீயில் வாட்டியது மாதிரி ஆகிவிட்டன. காற்று கிழித்தது பாதி, காற்றோடு வந்த கடல் உப்பு மீதி. புயல் ஓய்ந்ததும், மழை நின்ற கையோடு, நல்ல தண்ணீரால் இலைகளை மேலும் கீழும் கழுவிவிடுங்கள். உப்பு காயும் முன் செய்தால் பலன் உண்டு. கொம்பு ஒடிந்திருந்தால் ஒடிந்த இடத்துக்குக் கீழே சுத்தமாக வெட்டுங்கள். உடனே உரம் கொடுக்காதீர்கள்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

கணுக்களிலும் இலைக் காம்பின் இடுக்கிலும் பஞ்சு ஒட்டியது மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. தண்டிலும் நரம்பிலும் பழுப்பு நிறப் பொட்டுகளாக, நகத்தால் நெம்பினால் உரிந்து வந்தால் செதில் பூச்சி. இரண்டும் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். அதற்காகத்தான் எறும்பு வருகிறது. எறும்பு சும்மா வருவதில்லை, மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டிக் காவலும் காக்கும். செடியில் எறும்பு ஏறுவதைப் பார்த்தாலே இலை இடுக்கைத் திருப்பிப் பாருங்கள்.

குறைவாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுப்பதே சிறந்த மருந்து. பழைய பல் துலக்கும் பிரஷ் கணுவுக்கு நன்றாக வேலை செய்யும். நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல். சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். ஒருமுறை தெளித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முட்டைக்கு மருந்து ஏறாது. வாரம் ஒருமுறை, மூன்று வாரம் தெளித்தால்தான் பொரித்து வரும் குஞ்சுகளும் ஒழியும். கலாடியம், கோலியஸ் இலைகள் மெல்லியவை. முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் மற்ற இலைகளுக்குப் போங்கள்.

இலை தூசி படிந்தது மாதிரி மங்கி, ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாய் வெளுத்திருக்கிறதா? ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்தி. வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். குரோட்டன்ஸ் என்றால் உயிர். அது எட்டுக்கால் இனம், பூச்சி இல்லை. அதனால் பல பூச்சிமருந்துகள் அதைத் தொடுவதில்லை. குழாயில் விரலை வைத்து அழுத்தி இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை என இரண்டு வாரம் செய்தால் பெரும்பாலும் போதும். அப்படியும் போகாவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) இருக்கிறது. ஆனால் கடும் வெயில் நாளில் அதைத் தெளித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்து மூன்று வாரம் ஆகாத செடிக்கும் அது கூடாது.

கலாடியம் காணாமல் போய்விட்டது

"அக்கா, கலாடியம் அழுகிப் போச்சுக்கா. தொட்டியைக் கொட்டிட்டேன்" என்று ஒரு மார்கழியில் தங்கை போன் செய்தாள். கொட்டியது எருக்குழியில். சித்திரையில் அந்தக் குழியின் நடுவில், வாழைத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் இடையே, ரோஜா நிறத்தில் மூன்று இலை விரிந்து நின்றன.

கலாடியம் சேப்பங்கிழங்கின் உறவு. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. பனிக்காலத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடும், கிழங்கு தூங்கும். இது அதன் இயல்பு. இலை சாயத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, முழுதும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொட்டியை மழை படாத மூலையில் தள்ளி, ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று ஒரு சீட்டுக் குத்திவையுங்கள். இந்தத் தூக்கத்தில் தண்ணீர் விட்டால்தான் கிழங்கு அழுகும். பங்குனியில் முளை தெரிந்ததும் மறுபடி தண்ணீர் தொடங்கலாம்.

கிழங்கைக் கையாண்டால் கை அரிக்கும். சேப்பங்கிழங்கைத் தோல் சீவியவர்களுக்கு அந்த அரிப்புத் தெரியும், இதிலும் அதே ஊசிப் படிகங்கள்தான். அக்லோனிமாவும் டிஃபன்பேக்கியாவும் இதே குடும்பம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றைத் தரையில் வைக்காதீர்கள். கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும்.

கொம்பு நீண்டு, உச்சியில் மட்டும் குடுமி

கோலியஸ் என்றால் வேலை சுலபம். கற்பூரவள்ளியின் உறவுதானே, எங்கே கிள்ளி நட்டாலும் வரும். பூத்தண்டு வந்ததும் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் இலை சிறுத்துக் கொம்பு நீளும்.

குரோட்டன்ஸ் ஆளுயரத்துக்கு வளர்ந்து கீழே மொட்டையாக நின்றால் உச்சியை வெட்டி எறியாதீர்கள். அந்தக் குடுமியே நல்ல செடி. காற்றுப் பதியம் போடுங்கள். இலைக்கூட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு அங்குல அகலத்துக்குத் தண்டைச் சுற்றித் தோலை வளையமாக உரித்து எடுங்கள். பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது. பழைய புடவையோடு வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம். உரித்த இடத்தைத் துணியால் துடைத்து, வழவழப்பு இல்லாமல் கத்தி முதுகால் சுரண்டுங்கள். கழுவிப் பிழிந்த நார்க்கழிவை ஒரு பிடி எடுத்து அங்கே வைத்துப் பொத்தி, பாலித்தீன் தாளால் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். நல்ல ஈரக் காலத்தில் ஆறு வாரத்துக்குள் தாளுக்கு உள்ளே வெள்ளை வேர் ஓடுவது தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் வைத்து, இரண்டு வாரம் நிழலில் விடுங்கள்.

மிச்சமிருக்கும் மொட்டைக் கம்பைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு வழக்கம்போலத் தண்ணீர் விட்டுவாருங்கள். பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் கண் வெடிக்கும்.